இறங்கச் சொன்னது யார்?

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்தவர்களுக்குப் பல உண்மைகளோடு ஒரே தெருவில் குடியிருக்கும் பழக்கம் சின்ன வயதிலேயே வந்துவிடும். பெர்ஹாலா சாலையில், 1894இல் சிங்களவர்கள் தொடங்கிய சங்கத்தின் மகா விகாரை. அதே சாலையில் சக்தி விநாயகர். கொஞ்சம் நடந்தால் 1904ஆம் ஆண்டின் விவேகானந்தா ஆசிரமம். ஜெபமாலை மாதா கோவில், தமிழர்களின் லுத்தரன் தேவாலயம், தமிழ் முஸ்லிம் பிள்ளைகள் ஓதும் மதரசா எல்லாம் நடந்து போகும் தூரம்தான். விசாகத்துக்கு ரதம் போனால் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வாசலுக்கு ஓடிவருவோம். கிறிஸ்துமஸ் கேக்கும் நோன்புக் கஞ்சியும் தைப்பூசத்துப் பஞ்சாமிர்தமும் வேலி தாண்டிக் கைமாறும். யாருடைய கடவுள் உண்மையான கடவுள் என்று எந்தப் பெரியவரும் எங்களிடம் கேட்டதில்லை. "எல்லாம் ஒண்ணுதான்டா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அது எங்களுக்குக் கிடைத்த பெரிய கொடை. இன்றும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் கடவுளைப் பற்றிச் சொன்ன அதே பேச்சை, 1941 மே மாதம் கிள்ளானில் சுடப்பட்டு விழுந்தவர்களைப் பற்றியும் சொல்லலாம் என்று இப்போது பலர் நினைக்கிறார்கள். என் பேத்தியும் அவர்களில் ஒருத்தி. பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், நன்றாகப் படிக்கிறாள். தோட்டத்துப் பழைய கதைகளை நான் சொல்லும்போது பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது உங்க உண்மை தாத்தா. துரைமாருக்கு அவங்க உண்மைன்னு ஒண்ணு இருந்திருக்கும்ல?" என்பாள். அவள் குரலில் துடுக்கு இருக்காது. யாரையும் ஒதுக்கிவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் இருக்கும். அந்த நல்லெண்ணத்துக்காகவே அவளுக்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் காலத்தில், 1960களில், "உன் உண்மை, என் உண்மை" என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. நாங்கள் ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அப்பா ரயில்வேயில் வேலை. அரசாங்கம் தன் ஊழியர்களுக்குக் கட்டிக்கொடுத்த அந்த வரிசை வீடுகளின் வாசலில், சாயங்காலமானால் வயதானவர்கள் நாற்காலி போட்டு உட்காருவார்கள். உட்கார்ந்தால் சண்டைதான். குரல் உயரும், வெற்றிலைப் பெட்டி தரையில் தட்டப்படும், ஒருவர் எழுந்து போய்விடுவார், மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்பி வந்து உட்காருவார். நடந்தது ஒன்றுதான், அது தனக்குத் தெரியும், எதிரே இருப்பவர் மறைக்கிறார் அல்லது மறந்துவிட்டார் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை இருந்ததால்தான் மறுநாளும் வந்தார்கள். ஆளுக்கொரு உண்மை என்று பிரித்துக்கொண்டிருந்தால் சண்டையும் இருந்திருக்காது, பேச்சும் இருந்திருக்காது.

அந்தச் சண்டைகளில் எனக்கு மறக்காதது சைக்கிள் சண்டை.

என் அம்மாவின் அப்பா கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். வயதான பிறகு மாதத்தில் சில நாள் எங்களோடு வந்து தங்குவார். எங்கள் வரிசையிலேயே, கடைசி வீட்டில், ஓய்வு பெற்ற கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், ஒருவர் மகனோடு இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஆங்கிலம் அச்சடித்ததுபோல் பேசுவார், எழுதுவார். பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். அந்தத் தெருவில் அவரை மதிக்காதவர் இல்லை. எங்களுக்கும் அவர் கிராணி ஐயாதான். இரண்டு பேரும் 1941இல் கிள்ளான் வட்டாரத்தில்தான் இருந்திருக்கிறார்கள், வேறு வேறு தோட்டங்களில்.

1941ஆம் ஆண்டில் அங்கே நடந்ததை இன்று எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் என்று ஒன்று எழுந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஆர். எச். நாதன் 'தமிழ் நேசன்' நாளேட்டில் துணையாசிரியராக இருந்தவர். தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். காந்தி குல்லா போட்டார்கள். கோரிக்கைகளை வரிசையாக எழுதிக் கொடுத்தார்கள். சீனத் தொழிலாளருக்குக் கொடுக்கும் கூலி எங்களுக்கும் வேண்டும். பிள்ளைகளுக்குச் சரியான படிப்பு வேண்டும். ஒழுங்கான மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை கூடாது. எங்கள் பெண்கள்மீது கை வைக்கக் கூடாது. உறவினர் எங்களைப் பார்க்க வந்தால் தடுக்கக் கூடாது. சங்கம் வைத்துக்கொள்ள உரிமை வேண்டும். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: வெள்ளைக்காரத் துரையோ கிராணியோ எதிரே வந்தால் நாங்கள் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம், ஏறியபடியே போக அனுமதிக்க வேண்டும்.

காசு மட்டும் கேட்டிருந்தால் பேரம் பேசி முடித்திருப்பார்கள். கூலியில் கொஞ்சம் ஏற்றியும் கொடுத்தார்கள். சைக்கிளிலிருந்து இறங்க மாட்டோம் என்பதுதான் தோட்ட நிர்வாகங்களுக்கு ஆகவில்லை என்று தாத்தா சொல்வார். மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்தார்கள், பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவரை விடுதலை செய்யச் சொல்லி வேலைநிறுத்தம் இன்னும் பரவியது. சிலாங்கூரில் அவசரநிலை வந்தது, இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது.

கிராணி ஐயாவின் பக்கம் இது: "எங்கட தோட்டத்தில ஒருத்தரையும் நாங்கள் கட்டாயப்படுத்தேல்லை. பெரியவை வந்தா இறங்கிறது. அது மரியாதை. ஊரிலயும் அப்பிடித்தானே? நாதன் எண்டவர் பட்டணத்திலயிருந்து வந்து சனத்தைக் குழப்பிப் போட்டார்."

தாத்தா குரலை உயர்த்த மாட்டார். கிராணி ஐயாவோடு பேசும்போது அவர் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருப்பார். "மரியாதைங்கிறது மனசுலேர்ந்து வரணும்ங்கய்யா. இறங்காதவன் பேரு மறுநாள் பெரட்டுல விடுபட்டுப் போவுமே, அது எந்த ஊரு மரியாதை?"

பெரட்டு என்பது விடியலுக்கு முன் ஆள் எண்ணிப் பெயர் பதியும் இடம். அங்கே பெயர் இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை, கூலி இல்லை. பெயர்ப் புத்தகம் இருந்தது கிராணியின் கையில்.

ஒருநாள் சாயங்காலம், அப்பாவின் ராலே சைக்கிளில் தாத்தா என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கடைக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தார். எங்கள் வரிசைக்குள் திரும்பும்போது கிராணி ஐயா கைத்தடியோடு எதிரே வந்தார். தாத்தாவின் கை பிரேக்கைப் பிடித்தது. இடது கால் தரையில் ஊன்றியது, வலது கால் கம்பியைத் தாண்டி இறங்கியது. சைக்கிளை ஓரமாகப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பின்னாலிருந்து விழப் பார்த்தேன். தாத்தாவுக்கு அது தெரியவில்லை. கிராணி ஐயாவும் தலையை லேசாக அசைத்துவிட்டு, நடையை மாற்றாமல், எங்களைக் கடந்து போனார். அப்புறம்தான் தாத்தாவுக்குத் தான் செய்தது தெரிந்தது. முகம் சிவந்துபோனது. திரும்ப ஏறவில்லை. வீடுவரை சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார்.

கிள்ளான் சம்பவத்துக்குப் பிறகு ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஓடியிருந்தது. சுதந்திரம் வந்து, கொடி மாறி, துரைமார் பலர் கப்பலேறிப் போயிருந்தார்கள். அந்தத் தெருவில் தாத்தாவின் பெயரை எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கும் அதிகாரம் கிராணி ஐயாவுக்கு இல்லை. ஆனாலும் கால் இறங்கியது. மனசிலிருந்து வந்த மரியாதையாக இருந்தால் தாத்தாவின் முகம் ஏன் சிவக்க வேண்டும்? எங்கள் வாசலில் நடந்த அத்தனை வாதத்திலும் இல்லாத சாட்சி அந்தக் காலில் இருந்தது. அன்று எனக்குப் பத்து வயதுக்குமேல் இருக்காது. ஆனாலும் யார் சொல்வது நடந்தது என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துபோனது.

கிராணி ஐயா பொய் சொல்லும் மனிதர் அல்ல. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் இன்னொரு சம்பவமும் சொல்வார், சொல்லும்போது அந்த வயதிலும் அவர் கை நடுங்கும். 1942 ஜனவரியில் கோலாலம்பூர் ஜப்பானியர் வசமானது. அதன்பின் சந்திக்குச் சந்தி ஜப்பானியக் காவல்காரர்கள் நின்றார்கள். அவர்களைக் கடக்கும் எவரும் குனிந்து வணங்கிவிட்டுத்தான் போக வேண்டும், சைக்கிளில் வந்தால் இறங்க வேண்டும். கிள்ளான் பட்டணத்தில் ஒருநாள் கிராணி ஐயா இறங்கத் தாமதித்துவிட்டார். காவல்காரன் கன்னத்தில் அறைந்தான், நடுத்தெருவில், அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் பார்க்க. "அது அக்கிரமம். மனுசனை மனுசனா மதிக்காத கூட்டம்" என்பார். ஜப்பானியனுக்கும் ஒரு பக்கம் இருந்தது, அவன் ஊரில் குனிவது வழக்கம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் கைத்தடியை ஓங்கியிருப்பார்.

இறங்கச் சொல்வது அக்கிரமம் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தன்னை இறக்கியபோது தெரிந்தது, தான் இறக்கியபோது தெரியவில்லை. நாம் எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்து உண்மை மாறுகிறது என்று இதற்குப் பொருள் சொல்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத்தான் படுகிறது. அவர் நின்ற இடம் மாறியதும் பார்வைக்கு வந்தது, அதற்கு முன்பும் அங்கே இருந்ததுதான். கிள்ளான் தொழிலாளியின் கன்னத்தில் அது எப்போதும் எரிந்துகொண்டிருந்தது.

தாத்தாவையும் இதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும். சுடப்பட்டவர்கள் ஐம்பது பேர் என்பார் அவர். சில நாள் நூறு என்பார். வரலாற்று நூல்கள் தரும் கணக்கு ஐந்து. என் தாத்தா என்பதற்காக ஐம்பதை நான் என் பேத்திக்குக் கொடுக்க முடியாது. ஐந்து என்றால் ஐந்து. ஐந்து உயிர் போதாதா? ஐம்பது என்று சொன்னால்தான் கேட்பார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். அவர் சொன்னதை அதுவரை யாரும் கேட்டதில்லையே. ஆனால் அவர் கூட்டிச் சொன்ன நாற்பத்தைந்து, பிற்பாடு எல்லாவற்றையும் மறுக்க விரும்புகிறவனுக்குத்தான் உதவும். "பாருங்கள், இவர்கள் கணக்கே தப்பு, அப்படியானால் சைக்கிள் கதையும் கதைதான்" என்று அவன் சொல்லிவிடுவான்.

இந்தச் சண்டை முற்றும்போதெல்லாம் அப்பா நடுவில் வந்து திருக்குறளைத் துணைக்கு அழைப்பார். வாய்மை அதிகாரத்தில், குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்ற கருத்து வருகிறதல்லவா, அதைச் சொல்லி, "வயசான காலத்துல எதுக்கு மனசைப் புண்படுத்திக்கிறீங்க, விடுங்க" என்பார். வீட்டில் அமைதி வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு. ஆனால் வள்ளுவர் குற்றமில்லாத நன்மை என்றல்லவா நிபந்தனை வைத்திருக்கிறார்? எங்கள் வாசலில் அமைதி வந்தால் அதன் நன்மை யாருக்குப் போகும்? கிராணி ஐயாவுக்குத் தூக்கம் வரும். தாத்தாவுக்கு, அவர் பட்டது நடக்கவே இல்லை என்று ஆகும்.

நான் படித்த சரித்திரப் பாடத்தில் கிள்ளான் வேலைநிறுத்தம் இல்லை. பரமேஸ்வரா இருந்தார், மலாக்கா இருந்தது, ஈயமும் ரப்பரும் இருந்தன. ரப்பர் எப்படி மரத்திலிருந்து வாளிக்கு வந்தது என்பது இல்லை.

சில மாதங்களுக்கு முன் பேத்தி என்னை புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு பேரங்காடிக்கு அழைத்துப் போனாள். ஹங் துவா நிலையத்தில் இறங்கினால் எதிரே லாலாபோர்ட், 2022இல் திறந்தது. உள்ளே ஜப்பானியச் சாப்பாட்டுக் கடைகள், குளிரூட்டிய நடைபாதை, மாடியில் தோட்டம். அவளுக்கு அது ஒரு பேரங்காடி. எனக்கு அது புடு சிறை. 1895இல் கட்டி முடித்த சிறை, 1996இல் மூடினார்கள், 2010 ஜூன் மாதத்து இரவு ஒன்றில் சுவரை இடிக்கத் தொடங்கினார்கள். இடிப்பதைப் பார்க்கச் சாலையோரம் கூட்டம் நின்றது. இப்போது பழைய வாயில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1942இல் இதே சிறையில் ஜப்பானியர் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளை அடைத்து வைத்திருந்தார்கள். ஏழு வருஷம் கழித்து, 1949 மே 4ஆம் தேதி, வெள்ளைக்காரர்கள் இதே சிறையில் மலாயா கணபதியைத் தூக்கிலிட்டார்கள். அந்த வாயிலைக் காட்டி இதைப் பேத்திக்குச் சொன்னேன்.

எஸ். ஏ. கணபதி தஞ்சாவூர்ச் சீமையில் தம்பிக்கோட்டையைச் சேர்ந்தவர். நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர். போருக்குப் பிறகு அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். 1948 ஜூனில் அந்தச் சம்மேளனம் தடை செய்யப்பட்டது, அவசரகாலமும் பிரகடனமானது. அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் மரணதண்டனை என்று சட்டம் வந்தது. 1949 மார்ச் முதல் தேதி ரவாங்கில், வாட்டர்ஃபால் தோட்டத்தருகே கணபதியைப் பிடித்தார்கள். கையில் ஒரு கைத்துப்பாக்கி, ஆறு தோட்டா. அதே மாதத்தில் தீர்ப்பு. இந்திய அரசு லண்டன்வரை முறையிட்டுப் பார்த்தது. மே 4இல் எல்லாம் முடிந்தது. பிடித்ததிலிருந்து தூக்குவரை இரண்டு மாதம்.

எங்கள் வாசலில் கணபதி பெயரைச் சொல்லும்போது பெரியவர்கள் குரல் தாழும். 1960இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது, யாருக்கும் பயம்தான். கிராணி ஐயாவுக்கு அவர் பயங்கரவாதி. தாத்தாவுக்கு "நம்ம கணபதி".

பேத்தி சட்டென்று பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா தாத்தா, ஒருத்தருக்குத் தீவிரவாதி, இன்னொருத்தருக்குத் தியாகி. ரெண்டும் உண்மைதான்."

வைக்கிற பெயர் இரண்டாக இருக்கட்டும் என்றேன். கணபதி தரப்பில் சொன்னது என்ன? அந்தத் துப்பாக்கியைப் போலீஸிடம் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்தேன் என்பது. நீதிமன்றம் ஏற்கவில்லை. துப்பாக்கி இருந்ததில் யாருக்கும் தகராறு இல்லை. ரவாங் பாதையில் அன்றைக்கு அவர் கால் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதுதான் கேள்வி. ஏதோ ஒரு பக்கம்தான் திரும்பியிருக்கும். போலீஸ் நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தார், அல்லது போகவில்லை. நமக்குத் தெரியவில்லை என்பதனால் அவர் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் நடந்தவராகிவிட மாட்டார். நிச்சயமாகத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவரை இதோ இந்த இடத்தில் தூக்கில் போட்டுவிட்டார்கள்.

"யாருக்குமே தெரியாத ஒண்ணை எப்படித் தாத்தா உண்மைன்னு சொல்றது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு நான் சொன்ன பதில் சாம்பசிவம் வழக்கு.

சாம்பசிவமும் அதே அவசரகாலச் சட்டத்தின்கீழ் சிக்கிய தமிழர், ஜொகூரில், 1948 செப்டம்பரில். கைத்துப்பாக்கி வைத்திருந்ததாக ஒரு குற்றச்சாட்டு, தோட்டாக்கள் வைத்திருந்ததாக இன்னொன்று. முதல் விசாரணையில் தோட்டா வழக்கிலிருந்து விடுவித்த நீதிபதி, துப்பாக்கி வழக்குக்கு மறுவிசாரணை வைத்தார். மறுவிசாரணையில் அவருடைய வாக்குமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். துப்பாக்கியோடு தோட்டாவையும் ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம் அது. தோட்டா வழக்கில் அவர் ஏற்கெனவே விடுதலையானவர் என்பதைச் சொல்லாமலே அதைப் பயன்படுத்தி மரணதண்டனை வாங்கிவிட்டார்கள். வழக்கு லண்டனில் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1950இல் தண்டனை ரத்தானது. முறையாக விசாரித்து ஒருவரை விடுவித்துவிட்டால், பிறகு அவர்மீது வரும் வழக்கிலும் அரசு அந்த விடுதலையை ஏற்றாக வேண்டும் என்று அங்கே சொன்னது இன்றுவரை பொதுச் சட்டம் வழங்கும் நாடுகளில் மேற்கோளாக நிற்கிறது. ஜொகூர்த் தமிழர் ஒருவரின் பெயர் உலகத்துச் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது என்பதை எங்களுக்கு எந்தப் பள்ளியிலும் சொல்லவில்லை.

அந்த நீதிபதிகள் ஜொகூரில் அன்று நடந்ததை நேரில் கண்டவர்கள் அல்ல. ஆனால் உண்மை என்று ஒன்று இருக்கிறது, நமக்கு அது முழுசாகத் தெரியாமல் இருக்கலாம், ஆகவே ஓர் உயிரை எடுக்கும் முன் நிதானிக்க வேண்டும் என்று நினைத்தார்கள். உண்மையே கிடையாது, அவரவர் கருத்துத்தான் என்றால் எதற்கு மேல்முறையீடு? பலமுள்ளவன் கருத்தே தீர்ப்பாகிவிடாதா? சாம்பசிவத்துக்கு ஏறக்குறைய இரண்டு வருஷம் கிடைத்தது. கணபதிக்கு இரண்டு மாதம். உண்மையைத் தேடுவதற்குக் கொடுக்கும் நேரத்தில்தான் அந்த வித்தியாசம் இருந்தது.

சமணர்களின் அநேகாந்தவாதத்தைப் பற்றிப் பேத்தியின் வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பொருளுக்குப் பல முகங்கள், ஒவ்வொருவரும் ஒன்றைக் காண்கிறார்கள் என்பது. அதைச் சொன்னவர்கள் பொருள் ஒன்று இருப்பதை மறுத்தவர்கள் அல்ல என்றேன். நீ பார்த்தது முழுசு என்று அடம்பிடிக்காதே, போய் மற்ற முகத்தையும் பார் என்று அனுப்பிவைக்கிற தத்துவம் அது. வீட்டில் உட்கார்ந்துகொண்டு எல்லாம் சரிதான் என்று சொல்வதற்கு அவ்வளவு பெரிய தர்க்கம் வேண்டியதில்லை.

கிள்ளானில் பார்ப்பதற்கு இப்போது என்ன மிச்சம் இருக்கிறது? புக்கிட் ராஜா தோட்டம் இருந்த இடத்தில் புக்கிட் ராஜா நகரம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019இல் நின்றுவிட்டது. ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் இல்லை. ரயில்வே கொட்டகைகள் இருந்த இடத்தில் 2001 முதல் கேஎல் சென்ட்ரல். 2010இல் பிரிக்பீல்ட்ஸுக்கு லிட்டில் இந்தியா என்று பெயர் சூட்டி, மன்மோகன் சிங் வந்து திறந்துவைத்து, வளைவுகளும் வண்ண விளக்குகளும் போட்டார்கள். புடவைக் கடையும் பூக்கடையும் நன்றாகவே நடக்கின்றன, சந்தோஷம். அங்கே இன்று யாரும் யாருக்காகவும் சைக்கிளிலிருந்து இறங்குவதில்லை. இறங்கியவர்கள் இருந்தார்கள் என்பதும் அங்கே யாருக்கும் தெரியாது.

அன்றைக்குப் பேப்பரும் பேனாவும் எல்லார் கையிலும் இல்லை. தோட்ட நிர்வாகம் அறிக்கை எழுதியது, தோட்ட முதலாளிகள் சங்கம் எழுதியது, காலனி அலுவலகம் எழுதியது. அந்தக் கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத என் தாத்தா தன் சாட்சியைக் காலில் வைத்திருந்தார், அது அவரோடு போய்விட்டது. ஆளுக்கொரு உண்மை என்று சொல்லிவிட்டால் கோப்பு வைத்திருப்பவனின் உண்மை மட்டும் நிற்கும். இது பேத்திக்கு உறைத்தது. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

சயாம் மரண ரயிலை நினைத்தால் இது இன்னும் கொடுமை. 415 கிலோமீட்டர் பாதை, ஜப்பானியர் 1942இலும் 1943இலும் போட்டது. தாய்லாந்தில் காஞ்சனபுரி இடுகாட்டில் ஏறக்குறைய 7,000 போர்க்கைதிகளுக்குக் கல்லறை, பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு. போர்க்கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தது பெயர் பெயராகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. மலாயாவிலிருந்து கொண்டுபோன தொழிலாளர், பெரும்பாலும் நம் தோட்டத்துத் தமிழர், 75,000க்கும் மேல் என்பது ஒரு கணக்கு. அவர்களில் இறந்தவர்கள் எத்தனை என்பதில் ஆயிரங்களில் அல்ல, பல பத்தாயிரங்களில் கருத்து வேறுபாடு. எண்கள் வேறுபடுகின்றன, ஆகவே எது உண்மை என்று சொல்ல முடியாது என்று சிலர் கையை விரிப்பதைக் கேட்டிருக்கிறேன். செத்தவர்களின் எண்ணிக்கை ஒன்றுதான். கூட்டிப் பார்க்கத்தான் யாரும் மெனக்கெடவில்லை. போர்க்கைதிகளை எண்ணியவர்களுக்கு எண்ணத் தெரியாதா என்ன?

பேத்தி இந்தப் பருவத்துக்கான ஆய்வுக் கட்டுரைக்குக் கிள்ளான் வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொண்டாள். ஆவணக் காப்பகத்துக்கு எழுதியிருக்கிறாள். அது போதாது, ஆட்களைப் பார் என்றேன். அந்த மே மாதத்தில் பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. கிள்ளான், காப்பார், பந்திங், மோரிப் பக்கம் அப்படிப்பட்டவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கைபேசியில் பதிவு செய்யலாம். ஆனால் ஒன்று மட்டும் செய்யச் சொன்னேன்: அவர்கள் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், கண்ணால் கண்டதா, காதால் கேட்டதா, எந்தத் தோட்டம், அப்போது அவருக்கு என்ன வயது என்று கேட்டு எழுதிக்கொள். ஐம்பது பேர் என்றால் நீங்கள் எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்று பணிவாகக் கேள். கிராணிமார் பிள்ளைகள் கிடைத்தால் அவர்களையும் பார், அவர்கள் அப்பாமார் சொன்னதையும் அதே கேள்விகளோடு எழுதிக்கொள். தாத்தா பக்கம் கேட்டதை அந்தப் பக்கமும் கேட்காமல் வராதே.

முதலில் யாரிடம் போவது என்று பட்டியல் போட்டோம். என் மனைவியின் பெரியம்மா ஒருவர் காப்பாரில் இருக்கிறார். அந்த வருஷம் தோட்டத்தில் சின்னப் பிள்ளை. காது கொஞ்சம் மந்தம், நினைவு தெளிவு. வரும் சனிக்கிழமை பேத்தி போகிறாள். காலையிலேயே போய்விடச் சொல்லியிருக்கிறேன், மத்தியானத்துக்குமேல் பெரியம்மா அசந்துவிடுவார்.